வேண்டுதலா தம்பி?

மார்கழி மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் தோளில் பையை மாட்டிக்கொண்டு சாலையோரமாக ஒருவர் நடந்துபோனால், பார்க்கிறவர்கள் அரை நிமிஷத்தில் அவருக்கு ஒரு சாமியை ஒதுக்கிவிடுவார்கள். கறுப்பு வேட்டி என்றால் சபரிமலை. சிவப்பு என்றால் மேல்மருவத்தூர். பச்சை என்றால் பழநி. காவி உடுத்திக் கிழக்கே நடந்தால் வேளாங்கண்ணி. இந்த நிறம் எதுவும் இல்லாமல், முட்டி வரைக்கும் ஒரு கால்சட்டை, உச்சந்தலையில் கொண்டை, அந்தக் கொண்டைக்கும் மேலே ஒரு சாண் எழும்பி நிற்கிற பை என்று ஒருவன் வந்தால் அவனை எந்தக் கணக்கில் எழுதுவது? என் அக்கா மகனைப் பார்த்து டெல்டா முழுவதும் திகைத்தது இந்தக் கேள்வியில்தான்.

அவனுக்குப் பெங்களூரில் வேலை. கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் கோகர்ணம், வர்க்கலா, தாய்லாந்து என்று எங்காவது கடற்கரையில் பையோடு அலைவான். பேக்பேக்கிங் என்பான். இந்தத் தடவை, “நம்ம ஊர்லயே கடல் இருக்கே மாமா, பூம்புகார்ல ஆரம்பிச்சு கோடியக்கரை வரைக்கும் போவோமா?” என்றான். எனக்கு அரையாண்டு விடுமுறை. வாத்தியார் வேலையில் கிடைக்கும் சொற்ப சுகங்களில் ஒன்று. அக்கா உடனே சம்மதித்தாள், நான் கூடப் போகிறேன் என்பதற்காக மட்டும். கல்யாணமாகாத பிள்ளை தனியாகக் கடலோரம் திரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம்.

அவன் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறைபனியிலும் தூங்கலாம் என்று சீட்டு ஒட்டிய தூக்கப்பை. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அடுப்பு. ஆற்றுத் தண்ணீரை நேராக உறிஞ்சிக் குடிக்க ஒரு வடிகட்டிக் குழாய். நெற்றியில் கட்டும் விளக்கு. சீக்கிரம் காயும் என்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய துண்டு. என்னிடம் இருந்தது ஒரு ஜோல்னா பை. இரண்டு வேட்டி, ஓர் ஈரிழைத் துண்டு, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் விடைத்தாள் கட்டு ஒன்று. பள்ளி திறக்கும்போது திருத்திக் கொடுத்தாக வேண்டும். கட்டு கனமாக இருந்ததால் முதல் நாளே அது அவன் பைக்குக் குடிபோனது. அவன் துண்டு ஊர் போய்ச் சேரும்வரை காயவில்லை என்பதையும், என் ஈரிழைத் துண்டு வேப்பமரக் கிளையில் கால் மணி நேரத்தில் காய்ந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மணலிலேயே அலையில் கால் நனைத்தபடி தெற்கே நடந்துகொண்டே இருப்பது என்பது அவன் திட்டம். கைபேசி வரைபடத்தில் கரை ஒரே கோடாகத்தான் தெரிகிறது. காவிரிக் குடும்பத்தின் சங்கதி அந்த வரைபடத்துக்குத் தெரியாது. கல்லணையில் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பாகம் பிரிக்க ஆரம்பித்தவர்கள், அப்புறம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பிரித்துக்கொண்டே வந்து, ஆளுக்கொரு வாசல் வைத்துத் தனித்தனியாகக் கடலில் இறங்குகிறார்கள். வீரசோழன், நண்டலாறு, அரசலாறு, திருமலைராயனாறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு. ஒரு மணி நேரம் நிம்மதியாக நடந்தால் ஒரு முகத்துவாரம் வந்து மறிக்கும். மார்கழியில் வயல் வடிகால் தண்ணீரும் சேர்ந்து வரும். கீழே இடுப்பு வரை இழுக்கும் சேறு. படகுக்காரர் யாராவது இரக்கப்பட்டால் அக்கரை. இல்லாவிட்டால் திரும்பி உள்ளே நடந்து, சம்பா பால் பிடித்து நிற்கும் வயல் வரப்புகளைக் கடந்து, பாலம் தேடி, மறுபடி கடலுக்கு வர வேண்டும். கடற்கரையில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு நாங்கள் அதிகம் நடந்தது வரப்பில்தான்.

இதில் அவனை ரொம்பவும் வருத்தியது பூம்புகார். காவிரி கடலில் கலக்கும் இடம் என்றதும் அகண்ட காவிரியைத் திருச்சியில் பார்த்த பிள்ளை கேமராவோடு ஓடினான். அங்கே இருந்தது ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். “இதுவா மாமா?” என்றான். குடகிலிருந்து கிளம்பி வழியெல்லாம் வயலுக்கு வயல் கொடுத்துவிட்டு வருகிற ஆறு, கடைசியில் கடலுக்குக் கொடுக்க மிச்சம் என்ன வைத்திருக்கும்? எனக்கென்னவோ அந்தச் சின்ன முகத்துவாரம்தான் கௌரவமாகப் பட்டது.

வெப்பமண்டலக் கடற்கரை என்றால் சுற்றுலாப் படங்களில் வெயில் கொளுத்தும், தென்னை சாய்ந்து நிற்கும். எங்கள் கரையில் டிசம்பர் என்பது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. வெயிலுக்காக அவன் பூசியிருந்த களிம்பு மழையில் கரைந்து கண்ணில் இறங்கியதுதான் மிச்சம். தென்னை சாய்ந்து நிற்பதற்கும் இங்கே வேறு அர்த்தம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபின் வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் யாரும் சாய்ந்த தென்னையை அழகு என்று சொல்லக் கேட்டதில்லை.

தரங்கம்பாடியில் அவன் உற்சாகம் திரும்பியது. டேனிஷ் கோட்டை, கடலைப் பார்த்த மதில், செல்ஃபி. “இவங்கதான் மாமா நிஜமான பேக்பேக்கர்ஸ்” என்றான். ஓவ கெட்டே என்ற இருபதுகளில் இருந்த ஒரு தளபதி 1618-ல் கோபன்ஹேகனில் கிளம்பி, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கப்பலில் அலைந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது உண்மை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்தார். வருஷா வருஷம் கப்பம் கட்ட வேண்டும். வாடகைக்கு வந்தவர்கள் அப்புறம் 225 வருஷம் இருந்துவிட்டு, 1845-ல் இடத்தை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். குடக்கூலிக்கு வந்தவர் வீட்டையே விற்றுவிட்டுப் போனது தஞ்சாவூர் ஜில்லாவில் இப்படித்தான் நடந்தது. எனக்கு அவர்களைவிட 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்குவைத்தான் பிடிக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அதே ஊரில் 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கொண்டுவந்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம் என்று அவரைச் சொல்லலாம்.

கோட்டைக்கு எதிரே டீ குடித்தபோதுதான் முதல் கேள்வி வந்தது. கடைக்காரர் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

“வேண்டுதலா தம்பி?”

“இல்லைங்க. சும்மா.”

“சும்மான்னா?”

“நடந்து ஊரெல்லாம் பார்க்கலாம்னு.”

“அதுக்குத்தான் பஸ் போவுதே.” என் பக்கம் திரும்பினார். “தம்பிக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?”

அந்தக் கேள்வி அதற்கப்புறம் எங்களை விட்டு நகரவில்லை. காரைக்காலில் கேட்டார்கள். அங்கே மட்டும் கேள்வி கொஞ்சம் மாறி, “சரக்கு எடுக்க வந்தீங்களா?” என்று இருந்தது. புதுச்சேரி அரசின் வரி விகிதத்தை முன்னிட்டு அவ்வளவு பெரிய பைக்கு அந்த ஊரில் வேறு காரணம் தோன்றாது. நாகூரில் தர்கா வாசலில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, நாங்கள் இல்லை என்றதும் பரிதாபப்பட்டு இரண்டு வாடா வாங்கிக் கொடுத்தார். அந்த வாடாவின் மேல் பதிந்திருக்கும் இறாலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும். அவரே தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் காட்டினார். 131 அடி. கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்ததற்கு நன்றி என்பார்கள். “ராசாவே வேண்டிக்கிட்டுத்தாங்க வந்தாரு” என்றார் பெரியவர். அதாவது, நீங்கள் யார் சும்மா வர?

யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தக் கரையில் நிமிர்ந்து நிற்பவை பலவும் யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டதால் எழுந்தவை. வேளாங்கண்ணி ஆலயத்தின் கதையும் அதுதான். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள், சேர்ந்தார்கள், கட்டினார்கள். சும்மா வந்தவர்கள் இங்கே எதையும் கட்டியதாகத் தகவல் இல்லை.

நாங்கள் நாகப்பட்டினத்தைத் தாண்டியது டிசம்பர் 26. அன்று இந்தக் கரையில் பேச்சே வேறு. 2004-ல் அந்தக் காலை வேளையில் வந்த சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து தங்கியிருந்த யாத்ரீகர்களும் அதில் உண்டு. பெண்கள் குடத்தில் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றினார்கள். அன்றைக்கு எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. மருமகன் கேமராவை வெளியே எடுக்கவில்லை.

வேளாங்கண்ணியில் லாட்ஜ் எதிலும் இடமில்லை. கிறிஸ்துமஸ் கதையே சத்திரத்தில் இடமில்லை என்றுதானே தொடங்குகிறது என்று ஒரு லாட்ஜ் வாசலில் நான் சொல்லிப் பார்த்தேன். மேலாளர் சிரித்தார், அறை தரவில்லை. ஒரு மண்டபத் தாழ்வாரத்தில் பாய் வாடகைக்குக் கிடைத்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். ஒரு சேலை, ஒரு தூக்குச்சட்டி, குழந்தைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் சாமான். நடுவில் இவன் தூக்கப்பைக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்தான். ஐந்து நிமிஷத்தில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தான். பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள் மடித்த சேலை ஒன்றைக் கொடுத்து, “இதை விரிச்சுப் படு தம்பி. அதுக்குள்ள எதுக்குப் போற?” என்றாள். விடிந்ததும் மணலில் முழங்காலால் நடந்து பழைய கோயிலுக்குப் போகிறவர்கள், மெழுகுவத்தி, வெள்ளித் தகட்டில் கை கால், தென்னங்கன்று, வரிசையாக மொட்டைத் தலைகளில் சந்தனம். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொள்ள மதம் ஒரு தடையில்லை. நாவிதர் ஒருவர் மருமகனின் கொண்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்முறை ஆர்வம்.

தெற்கே வேதாரண்யம் சாலையில், வேட்டைக்காரனிருப்புப் பேருந்து நிழற்குடையில் மழைக்கு ஒதுங்கியபோது விஷயம் கைமீறியது. கருவாட்டுக் கூடையோடு ஒரு பாட்டி.

“வேண்டுதலா தம்பி?”

இந்தத் தடவை அவனுக்குச் சலித்துவிட்டது. “ஆமா பாட்டி” என்றான்.

பாட்டி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “என்ன வேண்டுதல்?”

அவன் முழித்தான். எனக்கு இருப்பது தஞ்சாவூர்க் குசும்பு. “கல்யாணம் ஆவணும்னுதான் ஆச்சி. வேளாங்கண்ணிக்கு முடி நேர்ந்துருக்கான்” என்றேன்.

“நல்லாருப்ப ராசா. எந்த ஊரு?”

ஊரைச் சொன்னேன். அக்காவின் ஊர் பாபநாசம் பக்கம். “எந்தத் தெரு?” என்றாள். மழை விடுவதற்குள், பாட்டியின் சின்ன மகளைக் கொடுத்திருப்பது அதே தெருவில், அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி என்பது வரைக்கும் வந்துவிட்டது. மகள் பெயரைக் கேட்டதும் நான் கொஞ்சம் கவலைப்பட்டேன். அந்த அம்மாளிடம் சொன்னால் தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி.

வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணுக்கு முன்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகப் பதினைந்து நாள் நடந்து வந்து சேர்ந்த ஊர். சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார்கள். நடந்துபோகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். தஞ்சாவூர்க்காரனிடம் சோறு போடாதே என்று சட்டம் போடலாமா? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மரத்தை யார் கைது செய்ய முடியும்? ராஜாஜி ஏன் நடந்து போனார் என்ற கேள்விக்கு என் மாணவன் ஒருவன், “அப்போது பேருந்துக் கட்டணம் மிக அதிகம்” என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் போட்டேன். டீக்கடைக்காரரைவிட அவன் ஒரு படி மேலே யோசித்திருக்கிறான்.

கோடியக்கரைக்கு மறுநாள் காலை. கல்கியின் பூங்குழலி படகோட்டிய கரை என்று அவன் ஆசையோடு வந்தான். வனத்துறைக் கதவில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். புல்வெளியில் வெளிமான்கள். தூரத்துச் சேற்றில் பூநாரைக் கூட்டம். எங்கோ வடக்கிலிருந்து வருஷம் தவறாமல் வருகிற பறவைகள், பையில்லாமல். அவன் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. அக்கா.

“ஏண்டா, அவன் கல்யாணத்துக்கு முடி நேர்ந்துருக்கானாமே. இத்தனை வருஷமா நான் கேட்டா பேச்சை மாத்துறான், மாதாகிட்ட சொல்லியிருக்கான். பொண்ணு யாருடா?”

“பொண்ணெல்லாம் இல்லக்கா. ஒரு பேச்சுக்கு...”

“சாமி விஷயத்துல பேச்சுக்கா? தெருவே வந்து கேட்டுட்டுப் போவுது. மேலத்தெருவுலேர்ந்து ஒரு ஜாதகமே வந்துருச்சு. அவங்கிட்ட குடு.”

கொடுத்தேன். அவன் “அம்மா... அம்மா... இல்லம்மா” என்பதற்கு மேல் எதுவும் சொன்னதாகக் கேட்கவில்லை. வெளிமான்கள் திரும்பிப் பார்த்தன. பேசி முடித்து, கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, ஊருக்குப் போற பஸ் வேறு வழியில போகாதா?”

“திருத்துறைப்பூண்டி வழியா போகலாம் மாப்ளே” என்றேன். “ஆனா உங்கம்மா வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்டுக்கே வர்றேன்னு சொல்லிட்டா.”