மிச்சக் கொப்பிக்காரர்

மிச்சக் கொப்பிக்காரர் பிறவியிலேயே சிக்கனமானவர் அல்லர். பிறவிச் சிக்கனக்காரருக்குக் கொப்பி தேவைப்படுவதில்லை. கொப்பிக்காரர் கைநிறையச் செலவழித்து, கையைச் சுட்டுக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதுக்குமேல் திருந்தியவர். இணுவிலில் காங்கேசன்துறை வீதிக்கு இரண்டு பக்கத்து ஒழுங்கைகளிலும் இவரைக் காணலாம். கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் இருப்பதாகக் கேள்வி. பென்சன் எடுத்தவராகவும், ஒரு பிள்ளையையாவது வெளிநாட்டில் வைத்திருப்பவராகவும் இருப்பார். பெண்களிலும் இந்த வகை உண்டு. ஆனால் அவர்கள் கொப்பியைக் கையில் கொண்டு திரிவதில்லை.

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பின்னர் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதற்கு முன்பு காசு சேர்ந்த பிறகுதான் பொருள் வீட்டுக்கு வரும். இப்போது பொருள் முதலில் வந்தது, காசு மாதாமாதம் போனது. கொப்பிக்காரர் வீட்டுக்கும் மோட்டார்சைக்கிள் வந்தது, அரைச் சுவரை மறைக்கும் ரீவி வந்தது, மகளின் சாமத்தியவீட்டுக்கு வானத்தில் நின்று படம்பிடிக்கும் கமரா வந்தது. தவணை கட்ட நகை அடைவுக்குப் போனது. நகையை மீட்க வெளிநாட்டுக் காசு வந்தது. காசு வந்த சந்தோசத்தில் அடுத்த தவணை தொடங்கியது. ஊரில் பலர் செய்ததையே அவரும் செய்தார். ஆனால் பின்னாளில் அவரை விடாமல் துரத்தியவை வேறு இரண்டு செலவுகள்: மதிலும், முற்றத்துக் கல்லும்.

யாழ்ப்பாணத்து வேலி காணியைப் பிரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பூவரசு, கிளுவை, முள்முருங்கை என்று கதிகால் நட்டால் அவை வேர்விட்டுத் தழைக்கும். குழை ஆட்டுக்குப் போகும், மிச்சம் தோட்டத்தில் தாழ்க்கப்படும். இணுவில் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை செய்தவர்கள் இந்தக் குழையையும் மாட்டெருவையும் நம்பித்தான் செய்தார்கள். வேலியில் கட்டிய பனையோலை பழசானால் அதுவும் மண்ணுக்குள் போய் உக்கும். கழித்த கொப்பும் தடியும் அடுப்புக்கு. ஒரு சதம் கேட்காமல் தீவனமும் உரமும் விறகும் தந்துகொண்டிருந்த இந்த வேலியைக் கொப்பிக்காரர் அடியோடு வெட்டிவிட்டு ஏழடி மதில் எழுப்பினார். கோடையில் புழுதி பறக்கிறதென்று முற்றம் முழுக்க இன்ரலொக் கல்லும் பதித்தார். வீட்டுத்தோட்டம் செய்தே ஆகவேண்டிய காலம் வந்தபோது அவரிடம் மதில் இருந்தது, கல் இருந்தது, மண் மட்டும் இருக்கவில்லை.

அந்தக் காலம் 2022 இல் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த அரசாங்கம் நவம்பரில் தடையைக் கைவிட்டிருந்தது. அதற்குள் வயலிலும் தோட்டத்திலும் விளைச்சல் விழுந்திருந்தது. 2021 ஒக்ரோபர் தொடக்கம் வரை 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. அதுவும் கிடைத்தால்தான். பெற்றோல் லீற்றர் ஜூன் கடைசியில் 470 ரூபாய். ஓகஸ்ற்றில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இடையில் ஜூன் மாதம் அமைச்சரவை, அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தது. கொப்பிக்காரர் பென்சனில் இருந்தபடியால் அவருக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்.

கல்லைக் கிளப்ப மனம் வரவில்லை. அதற்கு வாங்கிய கடன் இன்னும் கட்டி முடியவில்லை. ஆகவே கல்லுக்கு மேலே தோட்டம் வைக்கத் தீர்மானித்தார். செம்மண்ணுக்குப் பெயர்போன ஊரில் செம்மண்ணைக் காசு கொடுத்து லான்ட்மாஸ்ரரில் இறக்கிய முதல் ஆள் அவராக இருக்கலாம். வெறும் பெயின்ற் வாளிகளை வாங்கினார், அடியில் ஓட்டை போட ஆள் பிடித்தார், வெயிலை மறைக்கப் பச்சை வலை கட்டினார், சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழக் குழாய் பூட்டினார். மாரி வந்தபோது நத்தை வந்தது. நத்தைக்கு உப்பு, உப்புக்குக் காசு. கடைசியில் ஒரு வாளியில் கத்தரி காய்த்தது. மருதனார்மடம் சந்தைக்கு அன்று வந்த எந்தக் கத்தரிக்காயும் அந்த ஒன்றின் விலைக்குக் கிட்ட நின்றிருக்காது. அதைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, ஒழுங்கையில் போனவர்களை மறித்துக் காட்டினார்.

"வீட்டிலை காய்ச்சது, பாருங்கோ. ஒரு சதம் செலவில்லை."

நியாயமாகச் சொன்னால், அவர் பின்னர் தேறினார். குளித்த தண்ணீரை வாழைக்கு ஓடவிட்டார், அடுப்புச் சாம்பலைப் பாவற்கொடிக்குத் தூவினார், மதிலோரம் நாலு வரிசைக் கல்லை ஒருவருக்கும் சொல்லாமல் கிளப்பி மரவள்ளி ஊன்றினார். முருங்கை, பயிற்றை, புடோல், கறிவேப்பிலை எல்லாம் இப்போது அவர் வீட்டில் உண்மையாகவே சும்மா கிடைக்கின்றன. தோட்டத்தைப் பற்றி ஒருவரும் குறை சொல்வதற்கில்லை. குறையெல்லாம் கொப்பியைப் பற்றியதுதான்.

கொப்பி என்பது தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. வரவு செலவு எழுதுகிற வழக்கம் இணுவிலுக்குப் புதிதல்ல; புகையிலைத் தோட்டக்காரரும் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர்களும் கணக்கில் வலு கெட்டிக்காரர்கள். ஆனால் கொப்பிக்காரர் வரவை எழுதுவதில்லை, செலவையும் எழுதுவதில்லை. செலவழிக்காமல் விட்ட காசை மட்டும் எழுதுகிறார். முதல் பக்கங்களில் இது பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும்: பயிற்றை சந்தையில் வாங்காதது இவ்வளவு, காஸுக்குப் பதில் பொச்சுமட்டையில் காய்ச்சியது இவ்வளவு, மோட்டர் போடாமல் கிணற்றில் அள்ளிக் குளித்தது இவ்வளவு. சில மாதங்கள் போக, கொப்பி வளரத் தொடங்கும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் நாலுபேர் ஐஸ்கிறீம் குடிக்காமல் வந்தது ஒரு மிச்சம். அந்த நாலுபேரில் ஒருவர் தொண்டைநோ என்று வீட்டிலேயே படுத்திருந்தார் என்பதைக் கொப்பி பொருட்படுத்தாது. கொழும்பில் நடந்த கலியாணத்துக்குப் போகாததால் பஸ் காசு, சீலைக் காசு, மொய்க் காசு என்று மூன்று மிச்சம். அந்தக் கலியாணத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

மிச்சம் குறைந்த மாதங்களில் அவருக்கு நித்திரை வராது. அப்படியான மாதங்களில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போவார். கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கடை கடையாக ஏறி, பிறிட்ஜ், வோஷிங் மெசின், சோபா என்று ஒவ்வொன்றின் விலையையும் விசாரிப்பார். கடைக்காரப் பொடியன் கதவைத் திறந்து காட்டுவான், தட்டை இழுத்துக் காட்டுவான், ஐந்து வருட கரண்டி என்பான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாங்காமல் இறங்குவார். அன்றிரவு கொப்பியில் லட்சக்கணக்கில் மிச்சம் விழும். ரவுணுக்குப் போய்வந்த பஸ் காசும், களைப்புக்குக் குடித்த தேத்தண்ணியும் செலவு என்றபடியால் கொப்பியில் அவற்றுக்கு இடமில்லை.

கொப்பியின் மிகப் பெரிய பதிவு கார். 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகனங்கள் இறக்குவது நிறுத்தப்பட்டது. அந்தத் தடை ஐந்து வருடம் வரை நீடித்தது. பழைய கார்களே பழைய வீடுகளின் விலைக்குப் போயின. அந்த ஐந்து வருடமும் கொப்பிக்காரர் கார் வாங்கவில்லை. வாங்காத காரின் விலை வருடத்துக்கு வருடம் ஏற, அவருடைய மிச்சமும் வருடத்துக்கு வருடம் ஏறியது. பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன மாதத்தில், வாங்காத காருக்கு அடிக்காத பெற்றோலையும் சேர்த்து எழுதியதாகத் தெரிகிறது.

கொப்பியின் கூட்டுத்தொகை ஒரு கட்டத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்த சம்பளத்தைத் தாண்டிவிடும். இந்தக் கட்டத்தில் அனேகமான வீடுகளில் ஒரு கேள்வி எழும்.

"இஞ்சாருங்கோ, உந்தக் காசெல்லாம் இப்ப எங்கை கிடக்கு?"

"கொப்பியிலை கிடக்கு."

மனைவி அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. மகள் அனுப்புகிற காசை எடுத்து, அடைவில் கிடந்த சங்கிலியைக் கொப்பியில் ஏறாமல் மீட்டுக்கொண்டு வருவார்.

இதே வீட்டின் பின்னறையில் பெரும்பாலும் எண்பது தாண்டிய ஓர் ஆச்சி இருப்பார். 1990 இல் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது இவரே வீட்டை நடத்தியவர். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் மருந்து மாதிரித்தான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிள்ளைகளைச் சோதனைக்குப் படிப்பித்தார். சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார். ஒடியல் காயவைத்தார், பாத்தி போட்டார், ஊமலை எரித்தார். அந்த வருடங்களில் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. மகன் குளித்த தண்ணீரை வாழைக்கு விட்ட கதையை வந்தவர்களுக்கு மூன்றாம் தரம் சொல்லும்போது, ஆச்சி பாக்குவெட்டியைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவார். சிக்கனமாக இருப்பதற்கும் சிக்கனத்தைக் காட்சிக்கு வைப்பதற்கும் இடையில் உள்ள தூரம் அந்தச் சத்தத்தில் தெரியும். முன்பு ரீவியைக் காட்டியவர் இப்போது கத்தரிக்காயைக் காட்டுகிறார்.

கொப்பிக்காரரின் மற்றப் பழக்கங்கள் சில்லறையானவை. மாஜரீன் டப்பா, ஐஸ்கிறீம் பெட்டி, பிஸ்கற் ரின் எதையும் எறிய விடமாட்டார். செத்தவீட்டில் பெட்டி என்ன விலை என்று மெல்ல விசாரிப்பார். விருந்தாளி அறையை விட்டு வெளியே வரமுன்னமே லைற்றை நூர்த்துவார். தைப்பூசத்தன்று இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சம் வீதிக்கு வரும்போது மட்டும் அவர் எதற்கும் விலை கேட்டதாகத் தகவல் இல்லை.

அவருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஜூன், ஜூலையில் ஒழுங்கை முழுக்க வெறும் சிலிண்டரை வாசலில் வைத்துக்கொண்டு காஸ் லொறிக்குக் காத்திருந்த நாட்களில், கொப்பிக்காரரின் கொட்டில் அடுப்பு காலை நாலரைக்கே எரியும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சுடுதண்ணி போத்தலில் போகும். முருங்கை இலை கேட்காமலே வாசலுக்கு வந்தது. பால்மா இல்லாத வீட்டுக்கு ஆட்டுப்பால் வாங்கித் தந்தவரும் அவர்தான். அந்த இரண்டு மாதமும் கொப்பியில் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கின்றன. எழுத நேரமில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

ஆனால் அந்த நன்றியை வைத்துக்கொண்டு எத்தனை வருடத்துக்குப் பொறுப்பது? ஒரு மனிதர் ஒன்றும் வாங்காமல் தோட்டம் செய்வதென்றால், தேவையான சாமான்கள் எங்கிருந்தோ வரவேண்டும். அவை பக்கத்து வீட்டிலிருந்து வருகின்றன. "தம்பி, உந்த ஏணியை ஒருக்காத் தாரும்" என்று தொடங்கும். ஏணிக்குப் பின்னால் அலவாங்கு, அலவாங்குக்குப் பின்னால் கடகம், கொக்கத்தடி, வீல்பறோ. தன் வேலியை வெட்டியவர் குழைக்குப் பக்கத்து வீட்டு வேலிக்கு வருகிறார். கிளுவையை மொட்டையாக்கிவிட்டு, "தழைக்கும், தழைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். காலை உதயன் பேப்பர் வீட்டுக்காரர் கையில் கிடைக்குமுன் அவர் வீட்டுக்குப் போய், மத்தியானம் மீன் மணத்தோடு திரும்பி வருகிறது. பயிற்றங்காய் கட்டித் தருவது உண்மை. தந்த மறுநாள் பையைத் திருப்பிக் கேட்பதும் உண்மை. வாங்காத ஏணியும் வாங்காத அலவாங்கும் அவர் கொப்பியில் மிச்சமாக ஏறியிருக்கின்றன. அவற்றை வாங்கியவரின் காசு எந்தக் கொப்பியிலும் இல்லை. இரவல் போன அலுமினிய ஏணி திரும்பி வரும்போது மூன்றாம் படி ஆடியது. கேட்டால், "அது முந்தியே ஆடினதெல்லோ" என்கிறார். அது முந்தி ஆடவில்லை.

இணுவிலிலும் அயலிலும் ஏணி வைத்திருப்பவர்கள் அதில் தங்கள் பெயரைப் பெயின்ற்றால் பெரிதாக எழுதிவைப்பது நல்லது. பெயின்ற் வாளியை மட்டும் வெளியில் வைக்க வேண்டாம். அதற்குள் அவர் கத்தரி நட்டுவிடுவார்.