முன்கவைப் புணரியல்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்த நம் முன்னோர், மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கைக் கவனியாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் பெரகலை ஏற்றத்தில் பி.எஸ்.ஏ. ஓடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதற்கு வேண்டிய கலைச்சொற்களை ஒன்றுவிடாமல் செய்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அப்புத்தளையில் ஒரு தகரக் கூரைக் கராஜில் நான்கு ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்த பிறகே இது எனக்கு விளங்கிற்று.

ஆய்வுப் பொருள் ஒரு பி.எஸ்.ஏ. பி31: 1945 முதல் 1959 வரை செய்த ஒற்றைச் சிலிண்டர் 350. 1975இல் கம்பெனித் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மூட்டை கட்டிய ஒரு துரையிடம், பெரிய கிளாக்கராக இருந்த என் தாத்தா வாங்கியது. ஆசிரியர் பாஸ். பெயர் வேண்டியதில்லை, இந்த மலையில் கராஜ் வைத்திருக்கும் எவரும் பாஸ்தான். இவர் தேயிலை ஸ்டோரில் லேத் பழகி, ரோலருக்குப் புஷ் கடைந்து கடைந்து விரல்நுனியாலேயே அளவு சொல்லுபவர்.

போர்க்கை இனிக் கவை என்போம். இலக்கணத்துக்குள் இங்கிலீசு நின்றால் உரைகாரர்கள் கோபிப்பார்கள். அக்கவை மூவகைப்படும்: சட்டக் கவை, குழாய்க் கவை, குட்டிக் கவை.

சட்டக் கவை பழந்திணை. இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கு லட்சத்துக்கும் மேலாகச் செய்த பி.எஸ்.ஏ. எம்20 இதற்குச் சான்று. சக்கரத்தை ஓர் இரும்புச் சட்டம் பிடித்திருக்கும். கழுத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்க உராய்வுத் தட்டு. குழாய்க் கவையில் குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும் ஒயிலும். ஒயிலால் ஆட்டத்தை அடக்கும் இவ்வகையை 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. சந்தைக்கு விட்டது. இங்கிலாந்துக்காரர் 1941இல், யுத்தத்தின் நடுவே, மட்ச்லஸில் போட்டார்கள். பி.எஸ்.ஏ. பென்டத்தின் தொடக்ககாலக் கவை இதற்குப் புறனடை: குழாய் உண்டு, ஒயில் இல்லை, கிறீஸ் மட்டுமே. குட்டிக் கவை என்பது 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப்பில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டைக் கைகள். அது லேசில் கெடுவதில்லை. கெடாததற்கு இலக்கணம் எதற்கு?

கவையை அவிழ்க்குமுன் அது பேசுவதைக் கேட்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒருமுறை ‘டொக்’ என்றால் கழுத்துக் குண்டுகள் தளர்ந்திருக்கின்றன. குழிதோறும் ‘டொக்டொக்’ என்று பிரித்தால் பொருள் தராதபடி வந்தால் அது இரட்டைக்கிளவி. குழாய்க்கும் புஷ்ஷுக்கும் இடையில் தேய்மானம் என்க. மூன்றாவது நோய் வாய் திறக்காது. அது கசிவு.

அப்புத்தளையில் மூன்றாவதே மிகுதி, காரணம் வானம். இந்த ஊர் ஒரு மலைமுகட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் தாண்டினால் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக் கடைத்தெருவுக்குள் வந்துவிடும். பனி குழாயின் பளபளப்பில் குந்தும், துரு ஊசிமுனைக் குழியாய்ப் பிடிக்கும், குழி ஏறி இறங்கி ஒயில் சீலின் உதட்டைக் கிழிக்கும், ஒயில் வடியும், பிரேக் நனையும், பெரகலை வளைவு வரும்.

அவிழ்ப்பைப் பற்றி அதிகம் எழுதக் கூடாது. பிரித்துப்போடுவது யாருக்கும் வரும். நட்டுகள் மூவினம் என்பதை அறிந்தால் போதும். வல்லினம் அசையாது, மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, பிறகு சூடு காட்ட வேண்டும். மெல்லினம் சுற்றிக்கொண்டே இருக்கும், கழலாது, மரை போய்விட்டது. சொன்னபடி வருவது இடையினம். என் பைக்கில் இரண்டு இருந்தன. மூவினத்துக்கும் 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குல வழி ஸ்பேனரே வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பேனர் கவ்வுவதுபோல் நடித்து முனையை மழித்துவிடும்.

முன்சக்கர அச்சு மட்டும் இடஞ்சுழி மரை. இதை அறியாமல் அரை ஞாயிற்றுக்கிழமை நான் அதோடு மல்லுக்கட்டினேன். பாஸ் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இறுக்குனது போதும். இனி கழட்டுவோமா?”

இனிப் புணர்ச்சி. நூலின் உயிர் இதுவே. குழாய் நிலைமொழி, புஷ் வருமொழி. கழற்றியதெல்லாம் கழற்றியபடியே போய்ச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. இது கையேடுகளில் மட்டும் நிகழும். பூட்டும் வேலையை, கழற்றியதைத் தலைகீழாகச் செய்க என்று ஒரே வரியில் அவை முடித்துவிடுவது அந்தத் துணிச்சலில்தான். கராஜில் நிகழ்வது விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று.

முன்பு இல்லாதது வந்து நிற்பது தோன்றல். இடது கால் தொப்பி நட்டைக் கழற்றியபோது ஸ்பிரிங்கின் தலையில் மூன்று காசு இருந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு சதக் காசுகள். எந்தக் காலத்து பாஸ் வைத்தாரோ, மூன்று சதத்தில் முடித்த வேலை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாஸ் சிரிக்கவில்லை, காசுகளைத் துடைத்துத் தனியே வைத்தார்.

ஒன்று இன்னொன்றாவது திரிதல். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிக் கட்டியிருந்த காலம் இதற்குப் பொற்காலம். சாமான் வராது, வண்டி ஓட வேண்டும். ஆகவே லேத்தில் கடைந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திறந்தார்களே, அப்போதும் பழைய வண்டிக்காரர்களெல்லாம் பாஸிடம்தான் வந்து நின்றார்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒயில் சீல். பண்டாரவளைக் கடையில், “எந்த வாகனத்துக்குங்க?” என்று கேட்டார்கள்.

“வாகனத்த விடுங்க. நம்பரச் சொல்றேன்.”

சீலின் முகத்தில் மூன்று எண் உண்டு: உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு. பாஸ் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிச் சிகரட் பெட்டியில் எழுதி வந்திருந்தார். உள் விட்டம் பொருந்தியது. வெளி விட்டம் சிறுத்தது. இடைவெளிக்கு ஒரு வளையம் கடைந்தார். புஷ்ஷுக்குப் பழைய ஸ்டோர் ரோலரின் வெண்கலத் துண்டு. தேயிலையை உருட்டிய வெண்கலம் இப்போது என் எடையைத் தாங்குகிறது. இதை ஆகுபெயரில் சேர்க்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இருந்தது இல்லாமற்போவது கெடுதல். கழுத்தைத் தூக்கினால் குண்டுகள் சிதறும். கீழே துணி விரிக்க மறந்தவனுக்கு இவ்வூரில் இரண்டு கெடுதல் உண்டு. இந்த முகட்டின் வடக்குச் சரிவில் விழும் மழை மகாவலிக்குப் போகிறது; தெற்கில் விழுவது வேறு ஆறுகள் வழியே தென்கடலுக்கு. குண்டுக்கும் அதே விதி. வடகெடுதலில் இரண்டு போயின, தென்கெடுதலில் ஒன்று. அந்த ஒன்றை ஒரு சின்னப் பயல் கோலிக்குண்டென்று எடுத்துப்போனான் என்பது பாடபேதம். புதுக் குண்டுகளைக் கிண்ணத்தில் கிறீஸ் பூசி ஒட்டித்தான் வைக்க வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின் விரித்த வீரகேசரியின் மேல் கிடப்பவை எச்சம். பெயர் தெரிந்து இடம் தெரியாதது பெயரெச்சம். ஏதோ வேலை செய்திருக்கிறது என்று தேய்மானம் சொல்ல, பெயர் மட்டும் தெரியாதது வினையெச்சம். இரண்டையும் பாஸ் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடுவார். அந்த டின்னிலிருந்துதான் அடுத்தவன் வண்டிக்குத் தோன்றல் நிகழும்.

நான்காவது ஞாயிறு, ஒயில் ஊற்றுமுன், பாஸ் இரண்டு ஸ்பிரிங்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இடது குட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. டின்னைக் கிளறி ஒரு வொஷர் எடுத்து ஸ்பிரிங்கின்மேல் வைத்தார், போதவில்லை. ஜோர்ஜ் மன்னரை ஒருமுறை வைத்தார், இன்னொருமுறை வைத்தார். உயரம் சரியாயிற்று. மூன்றாவது காசை மண்ணெண்ணெயில் கழுவி, சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்க தம்பி, மிச்சக் காசு.”