எதுக்கும் மேக்ஸ் இருக்கட்டும்

ஜூன் மாதம் தென்காசியில் சாரல் விழும், பள்ளிக்கூடம் திறக்கும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒன்றும் நடக்கும்: குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் துண்டோடும் மாற்றுத்துணியோடும் ஆளுக்கொரு யோசனையையும் கொண்டு வருவார்கள். அருவியில் சோப்பும் ஷாம்புவும் கூடாதென்று தடை போட்டவர்கள், பிளஸ் ஒன் குரூப் பற்றிப் பேசவும் கூடாதென்று ஒரு பலகை வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஒரே மருந்துதான்: "எதுக்கும் மேக்ஸ் இருக்கட்டும்." கணக்குப் பிடிக்குமா என்று பிள்ளையிடம் கேட்டுவிடக் கூடாது. "குடை பிடிக்குமான்னு கேட்டுட்டா மழைக்குக் குடை வாங்குதோம்?" என்பார் என் மகளின் தாய்மாமா. பாளையங்கோட்டைக்காரர். சாரல் ஏமாற்றும், அவர் வருகை ஏமாற்றாது.

மாமா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஃபர்ஸ்ட் குரூப் படித்தவர் மனம் மாறி பி.காம். சேரலாம், காமர்ஸ் படித்தவர் மனம் மாறினால் பி.இ. கிடைக்காது. ஆர்க்கிடெக்ட் ஆவதற்கும் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். மீதிப் பாதியை மாமா சொல்லமாட்டார். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, கணிதத்துக்கு மட்டும் 100. கதவைத் திறந்துவிடுகிற அதே பாடம், மார்க் சறுக்கினால் தாழ்ப்பாளும் போட்டுவிடும். நீட் தேர்விலோ கணக்குக்கு வேலையே இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் டாக்டராகப் போகிற பிள்ளைகளெல்லாம் பயோ மேக்ஸ்தான். டாக்டர் ஆகாவிட்டால் இன்ஜினியர். இரண்டும் ஆகாவிட்டால் என்ன என்று கேட்பது அபசகுனம்.

"ராமானுஜன் என்ன காமர்ஸா படிச்சாரு?" என்று ஒருநாள் மடக்கினார் மாமா. ராமானுஜன் கதை அவருக்குத்தான் பாதகம். கணக்கைத் தவிர எதையும் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பனில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. எதுக்கும் மத்த பாடமும் இருக்கட்டும் என்று சொல்ல அவருக்கு ஒரு தாய்மாமா வாய்க்கவில்லை போலும்.

பிறகு மத்தளம்பாறையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே ஸோஹோ ஆபீஸ் இருக்கிறது, உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் வேலை, மேக்ஸ் இல்லாமல் உள்ளே விடுவானா? அந்தக் கம்பெனி 2005-இலிருந்தே தனியாக ஒரு பள்ளி நடத்தி, டிகிரிகூட இல்லாமல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பழக்கி வேலைக்கு எடுக்கிறது என்று விளக்கினேன்.

"அதான் சொல்லுதேன் மாப்ளே. பிளஸ் டூன்னா மேக்ஸ்தான?"

என் மகள் கேட்டது வேறு. காமர்ஸ், அக்கவுண்டன்சி, எக்கனாமிக்ஸோடு பிசினஸ் மேக்ஸ். புத்தகத்தின் பெயர் வணிகக் கணிதமும் புள்ளியியலும். கணக்குக்குப் பயந்தவர்கள் எடுக்கிற கணக்கு என்று ஊரில் இதற்கு ஒரு இளக்காரம். அப்படிப் பயந்து வந்தவர்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அணிகள், முக்கோணவியல், வகைநுண்கணிதம் என்று யாரைக் கண்டு ஓடிவந்தார்களோ அத்தனை பேரும் உள்ளே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடவே தவணைத்தொகை, பங்கு, நிகழ்தகவு. சீட்டுப் போட்டு, பாலிசி போட்டு, வீட்டுக்கடனுக்கு இருபது வருஷம் தவணை கட்டி, எவ்வளவு வட்டி போயிற்றென்றே தெரியாமல் கிடக்கிற எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கு முதலில் தேவைப்படுகிற கணக்கு இதுதான் என்பது என் கட்சி. சி.ஏ. படிக்க எந்த குரூப்பும் போதும்; ஆனால் அங்கும் கணக்கும் புள்ளியியலும் காத்திருக்கின்றன. இதை எடுத்துப் போகிறவர்களுக்கு அங்கே மிரட்சி குறையும்.

மாமாவிடம் இதைச் சொல்ல மகள் பிடித்த இடம் ஐந்தருவி. ஆண்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தவர், ஐந்து கிளையாக விழுகிற தண்ணீரைக் காட்டி, "இதுல பாத்தியாம்மா, ஃபர்ஸ்ட் குரூப்புங்கது..." என்று உவமை தொடங்கினார். நல்லவேளை, மீதியை அருவி இரைச்சல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"மாமா, நான் பிசினஸ் மேக்ஸ் எடுக்கப் போறேன்!"

மாமா தலையைச் சாய்த்து, காதுக்குள் போன தண்ணீரைத் தட்டினார். "என்னம்மா?"

"பிசினஸ் மேக்ஸ்!"

"மேக்ஸா?"

"ஆமா மாமா!"

அன்று ராத்திரி பிரானூர் பார்டரில் எல்லோருக்கும் அவர் செலவில் பரோட்டா, நாட்டுக்கோழி. இலையில் சால்னா ஊற்றும்போதே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டார். "பிள்ளை மேக்ஸ்தான் எடுக்கா. நான்தான் எடுத்துச் சொன்னேன்." பரோட்டா ஆறிவிடும் என்று நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.