சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பாட்டு

பாட்டு வைத்தியரிடம் தலைவலி என்று வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. "நெத்தியிலீங்களா, பின்மண்டையிலீங்களா?" என்று கேட்பார். நெற்றி என்றால் பி. சுசீலா, பின்மண்டை என்றால் ஜேசுதாஸ். நீங்கள் தைலத்தைத் தேடி எடுப்பதற்குள் வாட்ஸ்அப்பில் மருந்து வந்து இறங்கியிருக்கும். கூடவே உபயோகிக்கும் முறையும் வரும்: "ஹெட்போன் போட்டுக் கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல கேட்டா பேஸ் கிட்டார் செத்துப்போயிரும்."

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் கோயமுத்தூர் அலுவலகத்துக்கு வாய்த்தவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். யார் முகத்தையும் அவர் முகமாகப் பார்ப்பதில்லை. "இன்னிக்கு ஒரு ‘மௌனராகம்’ களை தெரியுது" என்று ஆரம்பிப்பார். சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று கேட்கப் போனவர்கள்கூட ஒரு சோகப் பாட்டோடு திரும்பியிருக்கிறார்கள். பிடித்தம் அப்படியேதான் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அவர் தரும் பாட்டுகள் நல்ல பாட்டுகள். அதுதான் சிக்கலே. மட்டமான பாட்டாக இருந்தால் ஒரே நாளில் உறவை முறித்துக்கொள்ளலாம்.

தொழில் அவருக்குக் கேசட் காலத்திலேயே தொடங்கிவிட்டது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, நண்பர்களின் பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, வேலை போனதற்கு என்று தனித்தனிக் கேசட் பதிந்து கொடுப்பாராம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். அதை வீணாக்க மனசு வராமல் ஏழாவதையும் ஏற்றச் சொல்லிவிடுவார். அப்படி ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு போன அவருடைய நண்பர், அந்தப் பாட்டுக்கு ஒரே சரணம்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்.

இப்போது எல்லாம் பிளேலிஸ்ட். ‘மழை’, ‘ஜன்னலோரம்’, ‘ஞாயிறு மதியம்’ என்பவை பொதுப் பிரிவு. ‘25ஆம் தேதிக்கு மேல்’ என்று ஒன்று உண்டு, அதில் முழுக்கத் தத்துவப் பாடல்கள். எல்லாவற்றுக்கும் வேளை உண்டு. ‘நிழல்கள்’ படத்துக்காக 1980-ல் வைரமுத்து எழுதிய முதல் சினிமாப் பாட்டு மாலைப் பொழுதைப் பற்றியது அல்லவா? அதைச் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத்தான் அனுப்புவார். நீங்கள் ராத்திரி ஒன்பதுக்குத் திறந்தால் கோபித்துக்கொள்வார். வீரியம் போய்விட்டதாம்.

அனுப்பியதோடு விட்டாலும் பரவாயில்லை. மறுநாள் காலை பரீட்சை.

"கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. அருமை. ராஜா ராஜாதான்!"

அவர் முகத்தில் ஓர் இரக்கச் சிரிப்பு படரும். அனுப்பியது 1991-ல் வந்த ‘சிகரம்’ படப் பாட்டு. அதற்கு இசை எஸ்.பி. பாலசுப்ரமணியம். சிக்கிவிட்டீர்கள். இனி ஒரு வாரத்துக்கு எதிரில் உட்காரவைத்துத்தான் மருந்து கொடுப்பார். அதில் ஒரு பெரிய தொல்லை, பாட்டைக் கேட்கவே விடமாட்டார். "இப்ப வரும் பாருங்க... இப்ப... வயலின்!" என்று அவர் கத்தி முடிக்கும்போது வயலின் வந்து போயிருக்கும்.

காதல் தோல்விக்கு அவரிடம் பத்து நாள் கோர்ஸ் இருக்கிறது. முதல் மூன்று நாள் அழுகை, அடுத்த நாலு நாள் கண்ணதாசன், கடைசி மூன்று நாள் குத்துப்பாட்டு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஐந்தாம் நாள் வந்து, "சார், நாங்க ராசியாயிட்டோம்" என்றான். நியாயமாகச் சந்தோஷப்படவேண்டும். இவரோ, "மருந்தைப் பாதியில நிறுத்தினா மறுபடி வரும் தம்பி" என்று எச்சரித்து, மிச்சக் கண்ணதாசனையும் அனுப்பிவைத்தார்.

சினிமா போதாதென்று ராகங்களிலும் கை வைத்திருக்கிறார். பச்சைக் குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று ஒருவர் புலம்ப, நீலாம்பரி கொடுத்தார். குழந்தை அசரவில்லை. அப்பா தூங்கிவிட்டார். அதையும் வெற்றிக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார். சிறுவாணி அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பேப்பரில் வந்தால் போதும், அமிர்தவர்ஷிணியை எடுத்துவிடுவார். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அந்த ராகத்தைப் பாடி மழை வரவழைத்த கதையில் தொடங்கி, 1988-ன் ‘அக்னி நட்சத்திர’த்தில் இளையராஜா அதை எங்கே வைத்தார் என்பதுவரை வகுப்பு நடக்கும். ஒருமுறை அன்றைக்குச் சாயங்காலமே தூறல் விழுந்தது. வானிலை அறிக்கை இரண்டு நாள் முன்பே அதைச் சொல்லிவிட்டதை அவர் காதில் போட எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

அவரை அசைத்துப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான்: அவருடைய மாமியார். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். வீட்டில் ஒருநாள் இவர், "முகாரின்னாலே ஒப்பாரிதானே" என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டாராம்: "மாப்பிள்ளை, சபரியோட பாக்கியத்தை என்னன்னு சொல்றதுன்னு தியாகராஜர் பூரிச்சுப் பாடினாரே, அது என்ன ராகமுங்க?"

அதுவும் முகாரிதான். ராமனைக் கண்ணாரக் கண்டு, பழம் கொடுத்து, பிறவியே தீர்ந்த கிழவியின் ஆனந்தம் அது. அதில் எங்கே ஒப்பாரி? மாப்பிள்ளை அன்று இரவு முகாரியை ‘சோகம்’ பட்டியலிலிருந்து எடுத்தார். மகிழ்ச்சியில் சேர்க்க மனசு ஒப்பவில்லை. ‘இதர வகை’ என்று புதிதாக ஒன்று திறந்தார். கணக்குப் பிரிவு ஆளல்லவா!

போன ஐப்பசியில் அவரோடு பொள்ளாச்சிக்குத் தனியார் பஸ்ஸில் போகவேண்டி வந்தது. வெளியே நல்ல மழை, ஜன்னலோர சீட். ஆசாமி சொக்கிப்போய் ‘மழை’ பட்டியலைத் திறந்தார். ஆனால் பஸ்ஸுக்குள் உறுமியும் தவிலும் சேர்ந்து கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தன. ஹெட்போன் தோற்றது. பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கண்டக்டரிடம் போனார்.

"ஏனுங்க, இந்த மழைக்கு இதுவா பாட்டு? இதமா ஒண்ணு போடச் சொல்லுங்க. வேணும்னா நானே தர்றேன்."

கண்டக்டர் சில்லறையை எண்ணி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "போடலாமுங்க சார். டிரைவரு ராத்திரி முழுக்கத் தங்கச்சி கல்யாணத்துல நின்னுட்டு நேரா வண்டிக்கு வந்திருக்காருங்க. இதமாப் போட்டா அவரு தூங்கிருவாரு. பரவாயில்லீங்களா?"

வைத்தியர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டிரைவரின் முதுகை எட்டிப் பார்த்துவிட்டு, கண்டக்டரின் காதருகே குனிந்து சொன்னார்:

"சவுண்டை இன்னுங் கொஞ்சம் கூட்டி வையுங்க."