ஏ காத்தா உடம்பு, பி காத்தா உடம்பு

மூன்றாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 50,000 ரூபாய். ஆணாகப் பிறந்தால் ஒரு பசுமாடு. 2025 மார்ச்சில் ஆந்திராவின் விஜயநகரம் எம்.பி. களிசெட்டி அப்பலநாயுடு அறிவித்த சலுகை இது. ஆடித் தள்ளுபடியெல்லாம் இதன் முன்னே பிச்சை வாங்க வேண்டும். அவருடைய தலைவர் சந்திரபாபு நாயுடு 2024 அக்டோபரிலேயே வழிகாட்டிவிட்டார்: இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் மட்டுமே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் போடலாமா என யோசித்தார். அந்த மாநிலத்தில் அதுவரை இருந்த சட்டம், இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் நிற்கவே கூடாது என்பது. அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க. ஸ்டாலின், தொகுதி குறையும் நிலை வந்தால் பதினாறு பெற்றுக்கொண்டால்தான் என்ன என்று தோன்றுகிறது என்றார், பந்தலே சிரித்தது. டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், மூன்றாவது வேண்டும் என்றார்.

கட்சி வேறு, கொடி வேறு, கடவுள் உண்டா இல்லையா என்பதிலேயே தகராறு. ஆனால் இடுப்பு வலி தமக்கு வராது என்பதில் நால்வருக்கும் பூரண ஒற்றுமை.

தொகுதி மறுவரையறைக்கு எதிராக 2025 மார்ச் 22ஆம் தேதி சென்னையில் கூட்டம் நடந்தது. ஸ்டாலின், பினராயி விஜயன், ரேவந்த் ரெட்டி, பகவந்த் மான். பெங்களூரிலிருந்து நம் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் போயிருந்தார். டெல்லி சொன்னபடி மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்குத் தண்டனையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நானும் கை தட்டுகிறேன். தட்டிவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன்: கட்டுப்படுத்தியது யார், ஐயா?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் புரட்டுங்கள். கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.4 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கின்றன. நாடு முழுக்கச் சேர்த்தாலும் 0.3 சதவீதம். ஸ்ரீராமபுரத்திலோ பீன்யாவிலோ ஒரு பெண்ணிடம் "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த ஆபரேஷன் என்று அவள் திருப்பிக் கேட்கமாட்டாள். நம்முடைய 28 மக்களவைத் தொகுதிகளும் அந்தத் தையல்களின் மேல்தான் நிற்கின்றன. மேடையில் அதற்கு மாலை போட்டுக்கொண்டவர்கள் வயிற்றில் தையல் எதுவும் இல்லை.

ஆண்களிடம் கேட்டால் ஆயிரம் காரணம். மூட்டை தூக்கணும், பலம் போயிடும், ஊர்ல சிரிப்பாங்க. ஆணுக்கான ஆபரேஷனில் வயிற்றைத் திறப்பதில்லை. கத்தியில்லாத முறை வந்து பல காலமாகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு அரைமணிக்குள் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருந்தும் அவன் மனைவியே சொல்வாள், "சம்பாதிக்கிற உடம்பு, அதுல போய் கத்தி வைக்கலாமா?" சொல்லிவிட்டு விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, தண்ணீர் பிடித்து, பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸுக்கு பஸ் பிடிக்க ஓடுவாள். அவளுடையது சம்பாதிக்கிற உடம்பு இல்லையாம். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆண் அதில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்று இந்திய ஆண்களில் 35 சதவீதம் பேர் அதே ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் கேள்விக்கு நாகரிகமாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது, 0.3ஐப் பார்த்தால் வேறெப்படி நினைப்பது?

இது பெங்களூருக்குப் புதிய விஷயம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 1930இல் மைசூர் அரசு கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. உலகில் ஓர் அரசாங்கமே நடத்திய முதல் நிலையங்கள் என்று இன்றும் பெருமை பேசுகிறோம். கிட்டத்தட்ட நூறாண்டு அனுபவம். நூறாண்டாக ஆலோசனை கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டும் பெண்.

நடுவில் ஒரு முறை அரசின் கை ஆண் பக்கம் முரட்டுத்தனமாக நீண்டது. நெருக்கடிநிலையில், 1976-77இல், சுமார் 82 லட்சம் ஆபரேஷன். அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் பிடித்து இழுத்துப்போய் செய்த அக்கிரமம் அது, யாருக்கும் நடந்திருக்கக் கூடாது. மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாய ஆபரேஷனுக்கு மசோதாவே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது செத்தது. 1977 தேர்தலில் வடநாடு காங்கிரஸைத் துடைத்து எறிந்தது. (நாம் 28இல் 26ஐக் கொடுத்து அனுப்பினோம், அது வேறு கதை.) அடுத்து வந்தவர்கள் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பலகையைக் கழற்றி 'குடும்ப நலம்' என்று மாட்டினார்கள். யார் உடம்பிலும் அரசு கை வைக்கக் கூடாது என்பதல்லவா பாடம்? அரசியல்வாதி படித்த பாடம் வேறு: ஆண் மேல் கை வைத்தால் ஆட்சி கவிழும். பெண் மேல் வைத்தால் ஒரு கவுன்சிலர் பதவிகூட ஆடாது.

பாடம் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி, 2020 பிப்ரவரி, மத்தியப் பிரதேசம். ஆண் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் ஆணையாவது ஆபரேஷனுக்கு அழைத்து வர வேண்டும், இல்லையென்றால் சம்பளம் கிடையாது, கட்டாய ஓய்வு என்று சுற்றறிக்கை போனது. ஓர் ஆண்! நாடே கொதித்தது, நெருக்கடிநிலை திரும்பிவிட்டது என்று அலறல், உத்தரவு உடனே வாபஸ். பெண்களுக்கு வைத்த இலக்குகளை எட்ட முகாம் முகாமாக அறுத்த காலத்தில் இந்தக் கொதிப்பு எந்த அடுப்பில் இருந்தது? 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் ஒரே டாக்டர் ஒரே பகலில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 13 பேர் செத்தார்கள். அந்த டாக்டர் 50,000 ஆபரேஷன் முடித்தவர் என்று அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் மாநில அரசு கௌரவித்திருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் தும்கூர் மாவட்டத்து பாவகடாவில், 2022 பிப்ரவரியில், அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்ட மூன்று பெண்கள் இறந்தார்கள். விதான சௌதாவின் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை.

பெங்களூரில் மனை வாங்கி நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏ காத்தா என்றால் வங்கிக் கடன், கட்டட அனுமதி, சகல மரியாதையும் உண்டு. பி காத்தா என்றால் மாநகராட்சி வரியை மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொள்ளும். உரிமை என்று வாயைத் திறந்தால் ஆவணம் சரியில்லை என்னும். ஆணின் உடம்பு ஏ காத்தா, பெண்ணின் உடம்பு பி காத்தா.

1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை முற்போக்கு என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அதில் பெண் கேட்டால் போதும் என்று எங்கேயும் கிடையாது. கருக்கலைப்பு அன்றும் குற்றம், இன்றும் பாரதிய நியாய சம்ஹிதா 88ஆம் பிரிவின்படி குற்றம். தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். 1971 சட்டம் டாக்டருக்கு மட்டும் ஒரு குடை பிடித்தது. திருத்தங்களுக்குப் பிறகு இன்று, 20 வாரம் வரை ஒரு டாக்டர் நல்லெண்ணத்தோடு ஒப்ப வேண்டும். 24 வரை, பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர். அதற்கு மேல் வாரியம். அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், 26 வாரக் கருவோடு அங்கே போய் நின்றார். நீதிமன்றம் 9ஆம் தேதி சரி என்றது, 11ஆம் தேதி இரண்டாகப் பிரிந்தது, 16ஆம் தேதி கூடாது என்றது. எட்டு நாளில் மனத்தை இத்தனை முறை மாற்றிக்கொள்ளும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு. அவர் ஒரே ஒரு முடிவோடு வந்தவர்.

கணவனின் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கவுன்டர் சொல்கிறது. கரு பெண் என்று தெரிந்துவிட்டால் மட்டும் வாரியமும் வேண்டாம், நல்லெண்ணமும் வேண்டாம். 2023இல் பெங்களூர் பையப்பனஹள்ளி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. மண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலைமனையில் ஸ்கேன் மெஷினை வைத்திருந்தார்கள். மூன்றாண்டில் சுமார் 900 கருக்கள் என்றது போலீஸ். அங்கே பெண்ணிடம் யாரும் வாரக் கணக்குக் கேட்கவில்லை, மாமியார் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இதைவிட அழகு ஒன்று இருக்கிறது. கணவன் பலாத்காரம் செய்ததால் உண்டான கருவைப் பலாத்காரத்தால் வந்த கருவாகவே எடுத்துக்கொண்டு கலைக்கலாம் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் அது பலாத்காரமே அல்ல என்கிற விதிவிலக்கு பழைய சட்டத்தில் இருந்தது, புதிய சட்டத்திலும் அப்படியே ஏறிவிட்டது. ஆக, ஆஸ்பத்திரிக்குப் போனால் நடந்தது பலாத்காரம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இல்லறம். அதே ஆண்டு மார்ச்சில், கணவனானாலும் விசாரணையைச் சந்திக்கட்டும் என்று நம் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி நாகபிரசன்னா துணிந்து சொன்னார். நான்கே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் தடை. கணவன் செய்ததைப் பலாத்காரம் என்றால் அளவுக்கு மீறிய கடுமையாகிவிடும் என்று 2024இல் மத்திய அரசு வருத்தப்பட்டது. யாருக்குக் கடுமை என்று கேட்காதீர்கள்.

எனவே ஒரு மசோதா தயாரித்திருக்கிறேன், பெலகாவி குளிர்காலக் கூட்டத்தொடருக்கு. அசல் யோசனை என்று பீற்றிக்கொள்ளமாட்டேன், 2020இல் அமெரிக்காவின் அலபாமாவில் சட்டமன்ற உறுப்பினர் ரோலண்டா ஹாலிஸ், 50 வயதிலோ மூன்றாவது பிள்ளைக்குப் பிறகோ ஆணுக்குக் கட்டாய ஆபரேஷன் என்று மசோதா கொண்டுவந்தார், அது தேறவில்லை. என்னுடையதில் கட்டாயமே கிடையாது. ஆண்மகன் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கலாம், ஒரு டாக்டர் நல்லெண்ணத்தோடு ஒப்பினால். தாமதித்தால் இரண்டு டாக்டர். மனைவியின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, கவுன்டரில் தேவை. ஒரு நாளுக்கு 83 பேர், ஒரு டாக்டர். பிழைத்தவர்களுக்கு மாநிலத்தின் நன்றி, தொகுதிகள் பற்றிய கூட்டத்தில் தெரிவிக்கப்படும்.

இதை நிறைவேற்றும் தகுதி நம் சபைக்கு உண்டா என்று கேட்காதீர்கள். 2012 பிப்ரவரியில் சபை நடந்துகொண்டிருக்கும்போதே செல்போனில் ஆபாசப் படம் பார்த்ததாக கேமராவில் சிக்கி மூன்று அமைச்சர்கள் பதவி விலகிய சபை அது. விவாதத்துக்குத் தயாராகவே பார்த்தோம் என்று விளக்கம் வந்தது. அவர்களில் ஒருவர் 2019இல் துணை முதல்வரானார். 2021 டிசம்பரில் முன்னாள் சபாநாயகர் ரமேஷ் குமார் பலாத்காரத்தை வைத்து ஒரு 'பழமொழி' சொல்ல, நாற்காலியில் இருந்த சபாநாயகர் சிரித்தார். 2023இல் வென்று வந்த 224 பேரில் பெண்கள் 10. இவ்வளவு பாலியல் அனுபவ ஞானமுள்ள சபை வேறு எங்கே கிடைக்கும்?

மசோதா நிறைவேறாது, தெரியும். தப்பித்தவறி நிறைவேறினால் மாண்புமிகு உறுப்பினர்கள் அதிகம் அலைய வேண்டாம். விதான சௌதாவுக்கு எதிரே சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன வழக்குக்குப் பெயர் கொடுத்த புட்டசாமி அங்கேயே நீதிபதியாக இருந்தவர்தான். அவர் பெயரைச் சொல்லி, 21ஆம் பிரிவைச் சொல்லி, என் உடம்பு, என் கண்ணியம், என் முடிவு என்று மனுப் போடுவார்கள். மாலைக்குள் இடைக்காலத் தடை கிடைத்துவிடும். அந்த மனுவில் ஒரு வரியும் பொய்யாக இருக்காது. எனக்கு ஒரு பிரதி மட்டும் கொடுக்கட்டும். மனுதாரர் பெயரை அடித்துவிட்டு, வாணி விலாஸ் ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவம் வாங்கும் கவுன்டரில் ஒட்ட வேண்டும்.