மூணாவது கை எங்கே மருமவனே?

மருமவனே, காலையில இருந்து பாக்கேன். டெக்ஸாஸ் வெயில்ல கராஜ் கதவைத் திறந்து போட்டுட்டு, அந்த ஏ.ஆர்-15 துப்பாக்கி முன்னால சப்பணம் போட்டு உக்காந்திருக்கே. பக்கத்துல புதுப் பெட்டி. உள்ளே ஒரு அலுமினியக் குழாய், உடம்பெல்லாம் ஓட்டை. ‘ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு மாமா’ங்கே. ஓட்டைக்கே இம்புட்டுக் காசுன்னா ஊர்ல இருந்து நம்ம சல்லடையைக் கொண்டாந்திருப்பேனே!

கோவிச்சுக்காதே. விசயம் எனக்கும் விளங்குது. கோயில் மணியை அடிச்சு விட்டா ஒரு நாதம். ஒரு விரலை வச்சுத் தொட்டா வேற நாதம். குண்டு கிளம்பையில பேரலும் அப்படித்தான் அதிருதாம். பழைய பிளாஸ்டிக் கைப்பிடி முன்னால பேரலையே பிடிச்சுக்கிட்டு நிக்கி. நீ அழுத்துற அழுத்தம், தோள்வார் இழுக்குற இழுப்பு, எல்லாம் பேரல் தலையில விடியும். புதுசு பின்பக்கம் பேரல் நட்டுல மட்டும் உக்காரும், பேரலைத் தொடாது. மாமியார் வீட்டுல ஒட்டியும் ஒட்டாம இருக்கற மாப்பிள்ளை மாதிரின்னு வையி.

ஆனா பழசைக் கழட்டவே உனக்கு மூச்சு வாங்குதே! அந்த ஸ்பிரிங் வளையத்தைப் பின்னால தள்ளிப் பிடிக்க ரெண்டு கை, பிளாஸ்டிக்கை உருவ மூணாவது கை. அந்த மூணாவது கை வீட்டுக்குள்ள தோசை சுட்டுக்கிட்டிருக்கு. போய் நயமா கூப்பிடு. குழாய் என்ன விலைன்னு மட்டும் வாயைத் திறந்துராதே.

அடுத்தது முன்னால நிக்கிற குறிக்கம்பம். நீ வாங்கின நீளக் குழாய் அதைத் தாண்டிப் போவாது, கழட்டித்தான் ஆவணும். அதைப் பிடிச்சிருக்கிற ரெண்டு பின்னும் ஒரு தலை பெருத்து, ஒரு தலை சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்துல இருந்து தட்டு. மாத்தித் தட்டினா தட்டத் தட்ட இறுகும், உன் அத்தையோட பிடிவாதம் மாதிரி. அந்த இடத்துல வெடிப்புகையை வாங்கிப் பின்னால அனுப்புற குள்ளமான கேஸ் பிளாக் வரும். அதோட துவாரமும் பேரல் துவாரமும் நேருக்கு நேர் நிக்கணும். விலகிச்சுன்னா ஒரு வெடி வெடிச்சுட்டு, அடுத்த ரவையை ஏத்தாமச் சண்டித்தனம் பண்ணும்.

பேரல் நட்டுக்கு வருவோம். பல்லைக் கடிச்சு முறுக்குறது வண்டிச் சக்கரத்துக்குச் சரி. இங்கே பேரலை மாட்டுற ரிசீவர் அலுமினியம். மரையில கிரீஸ் தடவாம ஏத்தாதே. அமெரிக்கப் பட்டாளத்துக் கணக்கு 30 அடி-பவுண்டுல இருந்து 80 வரைக்கும். ரெண்டு தரம் 30-க்கு முறுக்கித் தளர்த்தி, மூணாந்தரம்தான் நிலையா முறுக்குவாங்க. உன் குழாயோட வந்த நட்டுக்கு வேற கணக்கு இருக்கலாம். பெட்டிக்குள்ள ஒரு காயிதம் இருக்கும், அதைப் படி. சோறு சாப்பிட்ட கை அடையாளம் அதுல விழுந்தாச்சு, படிச்ச அடையாளத்தைத்தான் காணோம்.

எல்லாம் மாட்டின பெறவு குறியைப் புதுசா சரி பண்ணணும். பழைய குறி செல்லாது. இன்னொண்ணு. குண்டு எம்புட்டுச் சிதறுதுன்னு நிமிசக் கோணத்துலதான் அளப்பாங்க; 100 கஜத்துல ஒரு நிமிசக் கோணம்ங்கிறது ஒரு அங்குலம் சொச்சம். போன வாரம் நீ சுட்ட காயிதத்தைப் பாத்தேன். கோழி கிண்டின குப்பைமேடு மாதிரி இருந்துது. அது பேரல் பண்ணின வேலை இல்ல, வெடிச் சத்தத்துக்கு முன்னாலயே கண்ணை மூடுத ஆளோட வேலை. குழாய்க்குக் குடுத்த காசுல பாதிக்கு ரவை வாங்கிப் பழகியிருந்தா இன்னிக்கு உனக்கு நாலு பேரு சலாம் போட்டிருப்பாங்க.

சரி, டீ ஆறுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காலையில இருந்து இவ்வளவு மல்லுக்கட்டுதியே, மேகசினைக் கழட்டினியா? சேம்பரைக் கண்ணால பாத்து, விரலை விட்டும் தடவினியா?

என்ன, முழிக்கே? ஸ்பானரைக் கீழே வையி. முதல்ல அதைச் செய்யி.