மேயருக்கும் ஒரு பூசாரி

ஏலே பேராண்டி, சிகாகோவுல அரசாங்க நிர்வாகம் படிக்கப் போறியாமே. சந்தோசம். படிச்சு முடிச்சு மேயராகப் போறேன்னாவது சொன்னியா? அதுவும் இல்ல. மேயரோட ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ ஆகப் போறேங்குத. ஒங்கப்பன் அதக் கேட்டுட்டு மீசையத் தடவுதான். அது என்ன வேலைன்னு அவனுக்கும் தெரியாது, ஒனக்கும் முழுசாத் தெரியாது. கெழவன் சொல்லுதேன், கேட்டுக்கோ.

இந்தப் பட்டத்த இப்ப யாரு வேணும்னாலும் மாட்டிக்கிடுதான். பெங்களூருல நாலு பய சேந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கான். அதுல ஒருத்தன் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். ஸ்டாஃப் எங்கலேன்னு கேட்டா, இனிமேத்தான் எடுக்கணுமாம்! வேல விளம்பரத்தப் படிச்சா தொலைநோக்கு, வியூகம், ஒருங்கிணைப்புன்னு தடித்தடியா வார்த்தை. யாருகிட்டல்லாம் ஏச்சு வாங்கணும்னு மட்டும் ஒருத்தனும் எழுத மாட்டான்.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணும்பாகள்லா? அந்தப் பூசாரிதாம்லே இது. மேயரப் பாக்க நூறு பேரு வாரான். எவன உள்ள விடணும், எவன நாளைக்கு வரச் சொல்லணும், எவனக் காப்பியோட அனுப்பி வைக்கணும்? இவந்தான் முடிவு பண்ணுதான். போலீசு ஒரு பக்கம் இழுக்கும், ரோடு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம். புதுசா ரோடு போட்ட மறுவாரமே தண்ணிக் குழாய்க்காரன் வந்து தோண்டுவான். நம்ம ஊருல மட்டுந்தான் இந்தக் கூத்துன்னு நெனைச்சியா? அந்த ரெண்டு பேரையும் ஒரே மேசையில உக்கார வச்சுப் பேச வைக்கணும். அது இவன் பொறுப்பு.

கவுன்சில்ல தலை எண்ணுததும் இவந்தான். சிகாகோவுல 50 வார்டு, 50 ஆல்டர்மேன். நம்ம ஊரு கவுன்சிலருதான், பேரு மட்டும் வேற. பட்ஜெட்டு தேறணும்னா 26 பேரு வேணும். ஒருத்தனுக்குத் தெருவிளக்கு, ஒருத்தனுக்குப் பூங்கா, இன்னொருத்தனுக்குச் சும்மா ஒரு கும்பிடு. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கயாவது தீப்பிடிச்சா இவன் போனுதான் அடிக்கும். மேயர எழுப்பணுமா, தூங்க விடணுமா? அதுவும் இவந்தான் சொல்லணும். இம்புட்டும் பாக்குதவன் ஊருல ஒரு ஓட்டுகூட வாங்கினவன் கெடையாது. அத மறந்துராத.

பட்டாளத்துல இருந்து வந்த பழக்கம் இது. தளபதிக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னு எல்லாத்தையும் கட்டி மேய்ப்பான். ஐசனோவர் பட்டாளத்துக்காரரு. 1953-ல அமெரிக்க அதிபரா வெள்ளை மாளிகைக்குப் போகும்போது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டு போனாரு. ஷெர்மன் ஆடம்ஸ்னு ஒருத்தர வாசல்ல நிறுத்தினாரு. அவரத் தாண்டி ஒரு காயிதம் உள்ள போகாதுன்னு பேரு. கடைசியில என்ன ஆச்சு? ஒரு ஜவுளி ஆலைக்காரரு குடுத்த விலை ஒசந்த கோட்ட வாங்கிக்கிட்டாருன்னு ஊரே சிரிச்சு, 1958-ல பதவிய விட்டுட்டுப் போனாரு. அம்புட்டு அதிகாரத்தையும் ஒரு கோட்டு தின்னுட்டு. பொறவு கவர்னரும் மேயருமா ஆளாளுக்கு இப்படி ஒருத்தர வச்சுக்கிட்டாக.

வேலைக்கு மனு போடுததுக்கு முன்னால ஊரப் பாருலே. நியூயார்க்கு, பாஸ்டன் மாதிரி ஊருல மேயரு நெசமாவே அதிகாரி. துறைத் தலைவர வைப்பாரு, தூக்குவாரு. அங்க அவரு வாசல்ல நிக்கிறவனுக்கும் மவுசு உண்டு. ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோ மாதிரி ஊரு வேற. கவுன்சில் சம்பளத்துக்கு ஒரு சிட்டி மேனேஜர வச்சிருக்கும், நிர்வாகம் முழுக்க அவரு கையில. 1913-ல வெள்ளம் வந்து டேட்டன் முழுகினதும், அந்த ஊருக்காரன் அடுத்த வருசமே மேனேஜர் ஆட்சிக்கு மாறிட்டான். பெரிய ஊருல அதுதான் மொதல்ல. இப்படி ஊருல மேயருக்கு நீ சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆனா, ஒன் அதிகாரம் மேயரு அறை வாசப்படியோட முடிஞ்சு போகும்.

நம்ம சென்னையப் பாரேன். 1688-ல ஆரம்பிச்ச மாநகராட்சி. மேயருக்கு அங்கி உண்டு, சங்கிலி உண்டு, செங்கோலு உண்டு. நிர்வாகக் கையெழுத்து யாருது? ரிப்பன் மாளிகையில இருக்குத கமிஷனரோடது. பட்டத்தப் பாத்துப் பல்லக் காட்டாத. பேனா யாரு கையில இருக்குன்னு பாரு.

நீ போற சிகாகோவுல இன்னொரு வேடிக்கை உண்டு. ராம் இமானுவேல் ஒபாமாவுக்கு வெள்ளை மாளிகையில சீஃப் ஆஃப் ஸ்டாஃபா இருந்தவரு. 2010-ல அத உதறிட்டு ஊருக்கு வந்து மேயருக்கு நின்னு, 2011-ல செயிச்சாரு. அதுக்கு முன்னால 22 வருசம் மேயரா இருந்தவரு ரிச்சர்டு டேலி. அவரு தம்பி பில் டேலி அதே 2011-ல ஒபாமாகிட்ட சீஃப் ஆஃப் ஸ்டாஃபாப் போனாரு. அண்ணன் எடத்துக்கு இமானுவேல் வந்தாரு, இமானுவேல் பாத்த வேலைக்குத் தம்பி போனாரு! அப்படியும் விட்டுதா? 2019-ல தம்பியும் மேயருக்கு நின்னாரு. சனம் மொத சுத்துலயே அனுப்பி வச்சிட்டு. எத்தன நாளைக்குத்தான் மணியாட்டிக்கிட்டே இருப்பான்? பூசாரிக்கும் சாமியாகணும்னு ஆசை வரத்தானலே செய்யும்?

இப்ப முக்கியமான கதைக்கு வாரேன். 1979 சனவரி. சிகாகோவுல ரெண்டு நாளு கொட்டின பனி ஒன்றரை அடிக்கு மேல. ஏற்கெனவே கெடந்த பனி வேற. தெரு முழுக்க அடைச்சுப் போச்சு. பனி அள்ளத் திட்டம் இல்லாம இல்ல. முன்னாள் துணை மேயரு ஒருத்தருக்கு 90,000 டாலர் குடுத்து எழுதி வாங்கி வச்சிருந்தாக. திட்டம் காயிதத்துல கெடந்துச்சு, பனி தெருவுல கெடந்துச்சு. மேயரு மைக்கேல் பிலாண்டிக் என்ன சொன்னாரு தெரியுமா? பள்ளிக்கூட மைதானத்துலல்லாம் பனிய அள்ளியாச்சு, காரை அங்க கொண்டு போயி நிறுத்துங்கன்னாரு. சனம் போயிப் பாத்தா, பனி அள்ளாம அப்படியே கெடக்கு! ரயிலு வேற, கறுப்பு சனங்க இருக்குத பக்கம் பல ஸ்டேசன்ல நிக்காமப் போச்சு. அடுத்த மாசம் கட்சி வேட்பாளர் தேர்தலு. 1977-ல அவரே வேலைய விட்டுத் தூக்கின அம்மா ஜேன் பைர்ன். அந்த அம்மா அவரத் தோக்கடிச்சு, சிகாகோவோட மொத பெண் மேயராயிட்டு.

அந்த அறைக்குள்ள எத்தன உதவியாளரு, எத்தன ஆலோசகரு! அவுகள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் நடந்து போயிப் பாத்துட்டு வந்திருந்தாப் போதாதாலே?

தூரமா நிக்கிறது ஒரு தப்புன்னா, ஒட்டிக்கிடுதது இன்னொரு தப்பு. டெட்ராய்ட்டுல குவாமி கில்பாட்ரிக்குன்னு மேயரு. சீஃப் ஆஃப் ஸ்டாஃபா இருந்த அம்மா அவரு கூடப் படிச்சவுக. வேல போன போலீசு அதிகாரிங்க போட்ட வழக்குல, ரெண்டு பேருக்கும் பழக்கம் உண்டான்னு கோர்ட்டுல கேட்டப்ப, அப்படியெல்லாம் இல்லைன்னு சத்தியம் பண்ணினாக. 2008 சனவரியில பத்திரிகைக்காரன் அவுக பேஜர்ல போன சேதிய வெளிய விட்டான். பத்திரிகைக்காரன் படிச்சுப் பாத்தது சுமாரா 14,000. எல்லாம் மாநகராட்சி பேஜருலே! அந்த போலீசு வழக்க முடிக்க ஊரு காசு 84 லட்சம் டாலர் ஏற்கெனவே போயிருந்துச்சு. அந்தச் சேதி வெளிய வராம இருக்கத்தான் அம்புட்டு அவசரம். கடைசியில ரெண்டு பேரும் குத்தத்த ஒத்துக்கிட்டாக. பதவியும் போச்சு, செயிலுக்கும் போனாக. மேயரு தப்புப் பண்ணும்போது வேண்டாம்யான்னு சொல்ல வேண்டியவுகளே தப்புல கூட்டாளி ஆயிட்டா, வேண்டாம்னு சொல்ல வேற யாரு இருக்கா?

கெட்டிக்காரன் எவனும் காயிதத்தத் தடுத்துருவான், ஆளத் தடுத்துருவான். கெட்ட சேதிய உள்ள கொண்டு போறதுக்குத்தான் முதுகெலும்பு வேணும். அந்தப் பதவிக்குச் சம்பளமே அதுக்குத்தான். மத்ததெல்லாம் குமாஸ்தா வேல.

போயிட்டு வா. பனி கொட்டுத ஊரு, நல்ல பூட்ஸா வாங்கிக்கோ. அந்த வேல கெடைச்சாலும் கழட்டி வச்சிராத. தெருவுல எறங்கி நட. திரும்பி வந்து, “ஐயா, பனி அள்ளல, நீங்க சொன்னது தப்பு”ன்னு மேயரு மூஞ்சிக்கு நேரே சொல்லு. அதுக்கு நாக்கு எழும்பாதுன்னா, அந்தப் பட்டம் ஒனக்கு வேண்டாம்லே.